மச்சானைத் தள்ளி வைத்தவர்

பாட்டில் ஃபேக்டரியில் அவரை எல்லோரும் 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். உலை இரைச்சலுக்கு நடுவில் இந்தக் கோடியில் நின்று அவர் "டேய்" என்றால் அந்தக் கோடியில் மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கீறல் விழுந்ததை எடுத்துப் போடுவது அவருடைய வேலை. கண்ணுக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும். அதனால்தான் அரசியல் பேச ஆரம்பித்தார் என்பாள் அவர் மனைவி. அவளும் அதே ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் இருந்தவள்.

"கீறல் பாத்துப் பாத்து இந்த மனுஷனுக்கு அதுவே பழக்கமாயிடுச்சு. வீட்டுக்கு வந்தா தட்டைத் தூக்கிப் பாக்கறாரு."

பேச்சு அவரைச் சங்கத்துக்குக் கொண்டுபோனது. சங்கம் கட்சிக்குக் கொண்டுபோனது. செங்கொடி பிடித்தவர், கிளைச் செயலாளர், சங்கத் தலைவர், நகரசபை உறுப்பினர், கடைசியில் சட்டமன்ற உறுப்பினர். சட்டமன்றம் போன பிறகும் அதே இரண்டு அறை வீட்டில்தான் இருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வருகிறவர்கள், அவரே குடத்தோடு வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள்.

இவ்வளவும் இருந்தாலும், மேடையில் அவரை அறிமுகப்படுத்த எழுந்திருக்கிற யாரும் இதையெல்லாம் சொல்வதில்லை. ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார்கள். பெரிய வேலைநிறுத்தத்தின்போது கேட்டைத் தாண்டி உள்ளே போன சொந்த மச்சானையே தள்ளி வைத்த தலைவர் இவர். இதைச் சொன்னதும் கைதட்டல் விழும். அது ஓயும்வரை அவர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன அடக்கம் என்று கூட்டம் நினைத்துக்கொள்ளும்.

மச்சானை உள்ளே அனுப்பியதே அவர்தான். அது அவருக்கும் மச்சானுக்கும் மட்டும் தெரியும்.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. உலைக்காரன். அதிகம் பேசாதவன், பேசினாலும் தரையைப் பார்த்துப் பேசுகிறவன். கண்ணாடி உலையை ஒருநாளும் அணைய விடக்கூடாது. தீயை இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடிக் குழம்பு இறுகி, செங்கல் வெடித்து, மொத்தமும் பாழாகிவிடும். மறுபடி கட்டி எழுப்ப ஒரு வருஷமாவது ஆகும். அதற்குப் பதில் ஃபேக்டரியையே மூடிவிட்டுப் போய்விடலாம் என்று முதலாளிக்குத் தோன்றினாலும் தோன்றும்.

அந்த வேலைநிறுத்தமே உலைக்காரர்களுக்காக நடந்ததுதான். உலை முன்னால் நிற்கிறவனுக்கு ஷிஃப்டுக்கு நடுவில் வெளியே வந்து உட்கார ஓய்வு நேரம் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஈ காக்கா உள்ளே போகக்கூடாது என்று கேட்டுக்கு முன்னால் எண்ணெய் டிரம் மேல் ஏறி நின்று மைக்கு முழங்கினார். ஆபீஸ் ஆட்களே உலையைப் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நாலாம் நாள் காலையில் மச்சான் வீட்டுக்குப் பின்பக்கம் வந்தான். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, புகை சரியில்லை."

"எந்தப் புகை?"

"சிம்னிப் புகை. வெளியில இருந்தே தெரியுது. உள்ள இருக்கிறவனுங்களுக்குத் தீ மாத்தத் தெரியலை. இப்படியே போனா நாம ஜெயிச்சுட்டு உள்ள போறப்ப உள்ள ஒண்ணும் இருக்காது."

அவர் வாய் கொப்பளித்தார். துப்பினார். மறுபடி கொப்பளித்தார். கூட்டத்தைக் கூட்டி உலைக்கு மட்டும் ஆள் விடலாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு நாள் முன்னால்தான் ஈ காக்கா என்று சொல்லியிருந்தார். ஒரு ஆளை விட்டால் நாளைக்கு நாலு பேர் காரணத்தோடு வந்து நிற்பார்கள்.

"நீ போ மாப்ள. பின்பக்கச் சுவர் வழியா போ. உலையை மட்டும் பாரு. ஒரு பாட்டில் கூட வார்த்து எடுக்கக்கூடாது."

"யாராவது பாத்துட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

மச்சான் தலையாட்டிவிட்டுப் போனான். ஒரு வாரத்துக்கும் மேல் போய்வந்தான். பிறகு ஒருநாள் பேக்கிங் பெண்கள் இரண்டு பேர், சுவரேறி இறங்குகிறவனைப் பார்த்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கேட் முன்னால் அவனைச் சுற்றிக் கூட்டம். ஒருவன் சட்டையைப் பிடித்திருந்தான். இன்னொருவன் கம்பியோடு வந்தான்.

"உனக்கு ஓய்வு வாங்கித் தரத்தானேடா நாங்க பட்டினி கெடக்கறோம்! வாயைத் தொறந்து சொல்லுடா, எவ்வளவு குடுத்தான் மேனேஜரு?"

மச்சான் வாயைத் திறக்கவில்லை. டிரம் மேல் நின்றிருந்த அக்கா புருஷனைப் பார்த்தான். ஒரே தடவைதான் பார்த்தான். அப்புறம் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

சொல்லிவிடலாம் என்றுதான் மைக்கு வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"கை வைக்காதீங்க! நாம ரவுடி இல்லை. சங்கம் முடிவெடுக்கும். இன்னையிலிருந்து இவனோட யாரும் பேசக்கூடாது. இதுதான் தீர்மானம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

அடியிலிருந்து காப்பாற்றினோம் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தார். வேலைநிறுத்தம் முடிந்ததும் உண்மையைச் சொல்லித் தீர்மானத்தை ரத்து பண்ணிவிடலாம், நாலு நாள் பேசாமலிருந்தால் என்ன ஆகிவிடும் என்று கணக்குப் போட்டார். கூட்டம் தயங்கியது. மச்சான் என்ன இருந்தாலும் தலைவர் வீட்டு ஆள். எல்லோரும் ஒரு பக்கமாகத் திரும்பிப் பார்த்தார்கள். பேக்கிங் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்த அவர் மனைவி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். அதற்கப்புறம் மற்ற கைகள் எல்லாம் எழுந்தன.

உலைக்கு ஆளில்லாமல் போனதும், மறுநாளே முதலாளி இறங்கி வந்தார். ஓய்வு நேரம் கிடைத்தது. கொண்டாட்டத்தில் யாரும் கூட்டம் போடவில்லை. கூட்டம் போடாததால் தீர்மானம் ரத்தாகவில்லை. கட்சி அவரை நகரசபைக்கு நிறுத்தியது. பிரச்சார மேடையில் எவரோ ஒருவர் மச்சான் கதையை எடுத்துவிட, அது பற்றிக்கொண்டது. தேர்தல் முடியட்டும் என்று இருந்தார். முடிந்ததும் ஜெயித்த வேகத்தில் அடுத்ததற்கு வேலை ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு படி ஏறும்போதும் சொல்வது இன்னும் கொஞ்சம் கஷ்டமானது. ஏறிய படியே அந்தக் கதைதானே.

சங்கத்தில் ஒரு முறை உண்டு. கை தூக்கிப் போட்டதைக் கை தூக்கித்தான் ரத்து பண்ண வேண்டும். அந்த முறையைக் கொண்டுவந்தவரும் அவர்தான். தலைவர் கொண்டுவராத தீர்மானத்தை மற்றவர்கள் கொண்டுவர மாட்டார்கள். ஃபேக்டரியில் சேருகிற புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள்: பூட்ஸ் போடு, கையுறை மாட்டு, அந்த ஆளோட பேசாதே. ஏன் என்று கேட்டால் சொல்கிறவனுக்கே பாதிதான் தெரியும். வேலை கெடவில்லை. அந்த இரைச்சலில் எல்லாமே கை ஜாடைதான். மச்சான் கை காட்டுவான், அவர்கள் செய்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஜாடையும் நின்றுவிடும்.

தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அவனுக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பெண்ணின் அப்பாவும் அதே சங்கம். தீர்மானம் போட்ட மறுவாரமே பெண் வீட்டிலிருந்து ஆள் வருவது நின்றது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் யாரிடம் கேட்பது, யார் வாயைத் திறந்து பதில் சொல்வது?

அக்காவும் பேசவில்லை. தம்பி துரோகம் பண்ணிவிட்டான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அவர்கள் அப்பா இறந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவள் அழுகைக்கு நடுவில் ஒருமுறை தம்பியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை மைக்கு பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "மாமனார் மேல இவ்வளவு பிரியமா!" என்று சொந்தக்காரர்கள் வியந்தார்கள்.

இருபது வருஷம் இப்படியே ஓடியது.

பாட்டில் ஃபேக்டரியில் ஒருவர் ஓய்வு பெறுகிற நாளில், ஷிஃப்டே கூடி அவரை கேட்டிலிருந்து வீட்டு வாசல்வரை நடத்திக் கொண்டுபோய் விடும். வாசலில் ஒவ்வொருவரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். மைக்குவின் மனைவி ஓய்வு பெற்ற அன்று தெருவே நிறைந்து வந்தது. எதிர்ப்பக்க நடைபாதையில் தம்பி தனியாக, கூட்டத்துக்கு இணையாக நடந்துவந்தான். தெரு முனையில் நின்றான். பிறகு திரும்பிப் போய்விட்டான். அவள் பார்த்தாள். அன்று தனக்குக் கொடுத்த சால்வையை மட்டும் பிரிக்காமல் அப்படியே உள்ளே வைத்துவிட்டாள்.

இப்போது தம்பியின் முறை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். சட்டமன்ற உறுப்பினர் நறுக்கினாலும் கண் எரியத்தான் செய்கிறது என்று அவள் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று சொன்னாள்:

"வர்ற வெள்ளிக்கிழமை நான் ஊர்ல இருக்க மாட்டேன். சித்தி வீட்டுக்குப் போறேன்."

"என்ன விசேஷம்?"

"அன்னிக்குத்தான் தம்பிக்குக் கடைசி நாள். தனியா பையைத் தூக்கிட்டு வருவான். ஆயிரம் தப்புப் பண்ணியிருக்கட்டும், அதை நான் பாக்க மாட்டேன்."

"அவன் தப்புப் பண்ணலை" என்றார் அவர்.

"இப்பதான் உங்களுக்கு மனசு எரங்குதாக்கும்."

"எரக்கம் இல்லம்மா. நான்தான் அவனை அனுப்பினேன். உலையைக் காப்பாத்தச் சொல்லி நான்தான் அனுப்பினேன்."

அவள் கையிலிருந்த கரண்டியை வைக்கவில்லை. அடுப்பில் இருந்தது அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவர் எழுந்து அடுப்பை அணைத்தார்.

"அப்ப நான் எதுக்குக் கை தூக்கினேன்?" என்றாள்.

மேடையில் என்றால் அவருக்கு ஏதாவது பதில் வந்திருக்கும்.

"எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் தூக்கலைன்னா உங்க மானம் போயிடும்னு தூக்கினேன். நீங்க டிரம்மு மேல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"அப்புறம்னா எப்போங்க? அவனுக்குக் கல்யாணம் நின்னப்பவா? எங்கப்பா போனப்பவா? பக்கத்துல படுத்திருந்த எங்கிட்டக் கூடவா சொல்ல வாய் வரலை? ஊருக்கெல்லாம் மைக்கு!"

அவர் தலை குனிந்துகொண்டார். அவளுக்கு அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"கீழ பாக்காதீங்க. மேடையில பண்றதையெல்லாம் இங்க பண்ணாதீங்க. எங்கிட்டச் சொல்லிட்டா ஆச்சுன்னு நினைக்காதீங்க. யார் யார் கையைத் தூக்க வச்சீங்களோ அவங்க முன்னாடி சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அன்று சாயங்காலமே கட்சியின் மாவட்டச் செயலாளரைப் பார்க்கப் போனார். எல்லோரும் பெரிய தோழர் என்று கூப்பிடும் மனிதர் அவர். கேட்டு முடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோழர், இன்னும் ரெண்டு மாசத்துல எலெக்‌ஷன். இப்ப இதைச் சொன்னா எதிர்க்கட்சிக்காரன் சும்மா விடுவானா? தனிப்பட்ட முறையில போய் மச்சானைப் பாருங்க. நாலு வார்த்தை பேசுங்க. குடும்ப விஷயம்தானே?"

"மேடையில இருபது வருஷமா அது குடும்ப விஷயமா இல்லையே, தோழர்."

"அப்படிப் பாத்தா முடியுமா? உங்களுக்கு மறுபடி சீட்டு கேட்டிருக்கேன். அதை நான் என்ன சொல்லிக் காப்பாத்தறது?"

"வேற ஆளைப் பாருங்க" என்றார் மைக்கு. சொல்லிவிட்டாரே தவிர, வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இடது காலை வலது செருப்பில் நுழைத்தார்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சங்கக் கட்டடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி புது முகங்கள். அவர் எழுந்ததும் வழக்கம்போலக் கைதட்டினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நடந்ததைச் சொன்னார். பல் விளக்கிக்கொண்டிருந்ததிலிருந்து டிரம் மேல் நின்றதுவரை. கடைசி வரிசைக்காரர்கள் முன்னால் குனிய வேண்டியிருந்தது. அவர் பேச்சு கடைசி வரிசைக்குக் கேட்காமல் போனது அன்றுதான்.

முதலில் எழுந்தவன், எல்லோரும் கொக்கு என்று கூப்பிடுகிறவன். நெட்டையாக, கழுத்து நீண்ட, பழைய உலைக்காரன்.

"நீங்க அனுப்பினதுதான் தெரியாது, தோழர். மத்தது தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேலைக்குத் திரும்பின அன்னிக்கே நாம பாட்டில் எடுத்தோம். மறந்துட்டீங்களா? உலை கொதிச்சுட்டுக் கெடந்தது. அது தானா எரிஞ்சுதுன்னு நாங்க நினைச்சிருந்தா கண்ணாடி வேலைக்கே லாயக்கில்லை. அவன்தான் காப்பாத்தினான்னு உலைக்காரன் அத்தனை பேருக்கும் அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்யா பேசலை?"

"நீங்க தீர்மானத்தை ரத்து பண்ணுவீங்கன்னு பாத்தோம். நீங்க பண்ணலை. சொந்த மச்சானை நீங்களே விட்டப்ப நாங்க எதுக்கு நடுவுலன்னு இருந்துட்டோம்." கொக்கு உட்காரப் போனவன் மறுபடி எழுந்தான். "அவன் பக்கத்துல உக்காந்துதான் இத்தனை வருஷமும் சாப்பிட்டேன். ஒருநாள் ஊறுகா பாட்டிலைக் கூட நகத்தி வச்சான். நான் எடுத்துக்கிட்டேன். ஒரு வார்த்தை சொல்லலை. அதையும் உங்க கணக்குலயே எழுத முடியாது."

தீர்மானத்தை ரத்து பண்ணச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னபோது எல்லாக் கைகளும் எழுந்தன. யாரும் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. கேட்டுக்கு வெளியே ஷிஃப்டே நின்றது. மைக்குவின் மனைவி முன்னால் நின்றாள். சித்தி வீட்டுக்குப் போகவில்லை. தோளில் ஒரு பையும் கையில் டிஃபன் கேரியருமாக மச்சான் வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் ஒதுங்கி, வேறு யாருக்கோ நிற்கிறார்கள் என்று சுவரோரமாகப் போகப் பார்த்தான். அதைப் பார்க்க முடியாமல் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதல் வார்த்தையை என்னவென்று சொல்வது? ஒருவருக்கும் வரவில்லை. கடைசியில் ஒரு இளவட்டம்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே... வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?"

"உலையில இருந்து வர்றவனுக்கு இது ஒரு வெயிலா?" என்றான் மச்சான்.

அவன் குரலைப் பாதிப் பேர் அப்போதுதான் கேட்டார்கள். தேவைக்கு மேல் உரக்கச் சிரித்தார்கள். அக்கா பக்கத்தில் போனாள். பேசவில்லை. கேரியரை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். அவன் விட்டுக்கொடுத்தான்.

மைக்கு முன்னால் வந்தார். "மாப்ள..."

"வாங்க" என்றான் மச்சான். வீட்டுக்கு வந்த அதிகாரியைக் கூப்பிடுகிற 'வாங்க'. மாமா என்று சொல்லவில்லை.

"நான் அன்னிக்கு உன்னை..."

"கேள்விப்பட்டேன். கூட்டத்துல சொன்னீங்களாம். கொக்கு சீட்டு எழுதி என் லாக்கர்ல போட்டிருந்தான். இன்னும் வாயால சொல்லக் கூச்சம் போல." மச்சான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். "எங்கிட்டத் தனியா ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நல்லாப் பேச வரும், கேட்டா நான் சரின்னுடுவேன். ஒரே ஒரு உதவி பண்ணுங்க. இன்னிக்கு முன்னாடி நடக்காதீங்க."

எந்த ஊர்வலத்திலும் முதல் வரிசையைத் தவிர வேறெங்கும் நடந்திராத மனிதர் ஒதுங்கி நின்றார். எல்லோரும் அவரைக் கடந்து போனார்கள். சிலர் வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்தார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் அவர் நடந்தார். முன்னால் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. நடுநடுவே சிரிப்பு மட்டும் வந்தது. யாரோ பழக்கதோஷத்தில் கோஷம் போட வாயெடுத்து, பாதியில் விழுங்கினார்கள்.

மச்சான் வீட்டு வாசலில் ஒவ்வொருவராக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். கொக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். மைக்கு வாசலை நெருங்கும்போது தெருவில் கூட்டம் இல்லை. உள்ளே அவர் மனைவியின் குரல் உச்சத்தில் இருந்தது.

"இது ஃபேனா, கரையான் புத்தா? எத்தனை வருஷத்துத் தூசிடா இது? ஆளில்லாத வீடு மாதிரி!"

"ஆளில்லாத வீடுதானேக்கா."

அதற்கப்புறம் துடைப்பம் கூட்டுகிற ஓசைதான் கேட்டது. மச்சான் வாசலுக்கு வந்தான். அவர் நிற்பதைப் பார்த்தான்.

"அக்கா வர நேரமாகும். நீங்க போங்க."

அதில் கோபமில்லை. கோபமிருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவர் சரி என்று சொல்லிவிட்டுத் தனியாக நடந்தார்.

வீட்டுக்கு வந்து கதவில் கை வைத்தபோதுதான் சாவி அவளிடம் இருப்பது ஞாபகம் வந்தது. படியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் ஏணியைச் சுவரில் சாத்திக்கொண்டே எட்டிப் பார்த்தார். இந்தத் தெருவுக்கு வந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர்.

"என்ன தோழர், வெளியிலயே உக்காந்துட்டீங்க?"

"சாவி வீட்டுக்காரிகிட்ட இருக்கு. அவ தம்பி வீட்டுக்குப் போயிருக்கா."

"தம்பியா? அவங்களுக்குத் தம்பி இருக்காரா?" எலெக்ட்ரீஷியன் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஓ, அந்தத் தள்ளி வச்ச ஆளா? மேடையில கேட்டிருக்கேனே! உள்ள போன துரோகி..."

"துரோகி இல்லை" என்றார் அவர். நகர்ந்து படியில் இடம் விட்டார். "உக்காருங்க. சொல்றேன்."